கேமரா ஒப்பீட்டு அட்டவணை எதை அளந்தது?

படச்சுருள் கேமராக்களுக்கு மீண்டும் மவுசு கூடியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் 'பென்டாக்ஸ் 17' என்ற புதிய ஃபிலிம் கேமராவையே சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது கையடக்கமான எளிய கேமரா, எஸ்.எல்.ஆர். வகையைச் சேர்ந்தது அன்று. அந்த வகையில் 2004-இல் வெளிவந்த நிக்கான் எஃப்6 கேமராவும் 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே, ஃபிலிம் எஸ்.எல்.ஆர். ஒன்றைக் கையாள விரும்பும் இன்றைய இளைஞர், தம் பெற்றோரின் இளமைக் காலத்துக் கேமராவைத்தான் தேடிப் பிடித்தாக வேண்டும்.

எதைப் பிடிப்பது? கேனான் ஏ.இ-1, ஒலிம்பஸ் ஓ.எம்-1, நிக்கான் எஃப்.எம், பென்டாக்ஸ் கே1000, மினோல்டா எக்ஸ்.டி. என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை விற்ற கடைக்காரர்களில் பலர் இன்று இல்லை. ஆனால், அவற்றைச் சோதித்துப் பார்த்து எழுதிய பத்திரிகைகளின் பழைய பக்கங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் 'மாடர்ன் ஃபோட்டோகிராஃபி' 1989-இல் நின்றுபோனது. 1937-இல் தொடங்கிய 'பாப்புலர் ஃபோட்டோகிராஃபி' 2017-இல் அச்சை நிறுத்தியது. ஆயினும், அவை அன்று வெளியிட்ட சோதனை அறிக்கைகளை இன்றும் மக்கள் தேடிப் படிக்கிறார்கள். அவற்றை நம்பிப் பணத்தையும் செலவிடுகிறார்கள்.

அந்தப் பக்கங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. மேலே நான்கைந்து கேமராக்களின் படங்கள். நடுவே எடை, விலை, ஷட்டர் வேகங்களின் துல்லியம், ஒளிமானியின் பிழை, வியூஃபைண்டரின் அளவு, லென்ஸின் கூர்மை ஆகியவை அடங்கிய அட்டவணை. இறுதியில் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கும் அட்டவணைக்கும் இடையே உள்ள தொடர்பு, மேலோட்டமாகப் படிப்பவர் எண்ணுவதைவிட மிகவும் மெலிந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இத்தகைய சோதனைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே எழும் முதல் ஐயம் விளம்பரத்தைப் பற்றியது. கேமரா நிறுவனத்தின் முழுப்பக்க விளம்பரம் முன்பக்கங்களில். தபால்வழி விற்பனைக் கடைகளின் பொடி எழுத்து விலைப்பட்டியல் பின்பக்கங்களில். இரண்டுக்கும் நடுவே நடுநிலையான சோதனையா என்ற கேள்வி நியாயமானதுதான். அந்தப் பத்திரிகைகளில் 'வாங்காதீர்கள்' என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதப்பட்ட அறிக்கைகளைக் காண்பது அரிது என்பதும் உண்மை. குறை இருந்தால் அது 'சிலருக்குப் பழகக் கொஞ்சம் நாளாகலாம்' என்ற பணிவான வாக்கியமாக உருமாறியிருக்கும். பழைய வாசகர்கள் அந்தப் பணிவின் அளவை வைத்தே கேமராவின் தரத்தைக் கணிக்கக் கற்றிருந்தார்கள்.

ஆனால், விளம்பரத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எளிதான வழி. விளம்பரமே வாங்காத சோதனையாளர்களும் உண்டு. அமெரிக்காவில் 1936-இல் தொடங்கப்பட்ட நுகர்வோர் சங்கம் வெளியிடும் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' விளம்பரங்களை ஏற்பதில்லை. சோதனைக்கான பொருளைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறது. ஜெர்மனியில் 1964-இல் அரசு நிறுவிய 'ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட்' அறக்கட்டளையும் பொருள்களைப் பெயர் சொல்லாமல் கடையில்தான் வாங்குகிறது. நேர்மையைப் பொறுத்தவரை இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. எனினும், நேர்மை தீர்க்க முடியாத சிக்கல்கள் ஒப்பீட்டுச் சோதனைக்குள்ளேயே இருக்கின்றன. ஃபிலிம் எஸ்.எல்.ஆர். அவற்றை மிகத் தெளிவாகக் காட்டும் பொருள்.

அந்தக் கேமராவின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். லென்ஸ் வழியே வரும் ஒளியை 45 பாகை சாய்ந்திருக்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகிறது. அங்குள்ள மங்கலான கண்ணாடித் தகட்டில் பிம்பம் விழுகிறது. அதற்கு மேலுள்ள பட்டகம் பிம்பத்தை நேராக்கிக் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழுகிறது, ஷட்டர் திறந்து மூடுகிறது, ஃபிலிமில் ஒளி பதிகிறது, கண்ணாடி கீழிறங்குகிறது. படம் பிடிக்கும் அந்த நொடிப்பகுதியில் கேமராவின் உடல் செய்வது ஒன்றே: சொன்ன நேரத்துக்கு ஒளியை உள்ளே விடுவது. படத்தின் கூர்மை லென்ஸைச் சார்ந்தது. வண்ணமும் மணித்தன்மையும் ஃபிலிமையும், அதைக் கழுவிய ஆய்வகத்தையும் சார்ந்தவை. இன்றைய டிஜிட்டல் கேமராவில் ஒளியுணரி உடலுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதனால் உடல் மாறினால் படம் மாறும். ஃபிலிம் கேமராவில் அந்த 'ஒளியுணரி' கடையில் விற்கும் சுருள். ஒரே சுருளை எந்தக் கேமராவிலும் போடலாம்.

ஆகவே, 'எந்த எஸ்.எல்.ஆர். சிறந்த படம் தருகிறது' என்று தலைப்பிட்டு ஐந்து கேமராக்களை ஒப்பிடும் பத்திரிகை, பெரும்பாலும் ஐந்து 50 மி.மீ. லென்ஸ்களைத்தான் ஒப்பிட்டிருக்கிறது. அந்த லென்ஸ்களோ ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896-இல் வடிவமைத்த 'பிளானர்' லென்ஸின் அடிப்படை அமைப்பிலிருந்து கிளைத்தவையே அவை அனைத்தும். எஃப் 1.8 என்றால் பெரும்பாலும் ஆறு கண்ணாடிகள், எஃப் 1.4 என்றால் பெரும்பாலும் ஏழு. துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கிவிட்டால் எந்தப் படம் எந்த லென்ஸ் எடுத்தது என்று சொல்லிவிட முடியும் என்று பந்தயம் கட்டுபவரிடம் நான் தாராளமாகப் பணம் வைப்பேன்.

துளையை முழுதாகத் திறந்தால் வேறுபாடுகள் தெரியத் தொடங்கும். ஆனால், அங்கேதான் சோதனையின் அடித்தளமும் ஆட்டங்காண்கிறது. 35 மி.மீ. ஃபிலிமில் 0.03 மி.மீ. விட்டமுள்ள மங்கலான வட்டம் வரை கண் அதைப் புள்ளியாகவே ஏற்றுக்கொள்ளும் என்பது துறையின் வழக்கமான கணக்கு. அதன்படி எஃப் 1.4 துளையில், ஃபிலிம் தன் சரியான இடத்திலிருந்து முன்னோ பின்னோ 0.042 மி.மீ. மட்டுமே விலகியிருக்கலாம். ஒரு தலைமுடியின் தடிமனே பொதுவாக இதைவிட அதிகம்.

லென்ஸைப் பொருத்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள தூரத்தை நிக்கான் 46.5 மி.மீ. என்றும், கேனான் எஃப்.டி. 42 மி.மீ. என்றும் வரையறுத்தன. தொழிற்சாலையில் அந்தத் தூரம் நூலிழை பிசகினாலும், கண்ணாடி சாய்ந்து நிற்கும் கோணம் சற்றே மாறினாலும், கண்ணில் கூர்மையாகத் தெரிந்தது ஃபிலிமில் மங்கும். போதாக்குறைக்கு ஃபிலிமே தட்டையாக நிற்பதில்லை. அது நகர்வதற்காக அதன் தடிமனைவிடச் சற்று அதிகமான இடைவெளி விடப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளிக்குள் அது வளைந்து நெளியும். சோதனைக்கு வந்த கேமராவில் இவையெல்லாம் எப்படி அமைந்திருந்தன என்பது அந்த ஒரு கேமராவின் சாதகம். அதே மாடலில் அடுத்த பெட்டியில் இருந்த கேமராவின் சாதகம் வேறு.

பெரும்பாலான ஒப்பீட்டுச் சோதனைகள் மாடலுக்கு ஒரு கேமராவை வைத்தே நடந்தன. அதுவும் பல வேளைகளில் நிறுவனமே அனுப்பிவைத்த கேமரா. நிறுவனம் பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்குமோ என்ற சந்தேகத்தை விட்டுவிடுவோம். கடையில் வாங்கியதாகவே வைத்துக்கொண்டாலும், ஒன்றை மட்டும் அளந்தால் இரண்டு வேறுபாடுகளைப் பிரித்தறிய வழியில்லை. ஒன்று, மாடலுக்கும் மாடலுக்கும் உள்ள வேறுபாடு. மற்றொன்று, ஒரே மாடலின் இரு கேமராக்களுக்கிடையே உள்ள வேறுபாடு. இரண்டாவது வேறுபாடு எவ்வளவு என்று தெரியாமல் முதல் வேறுபாட்டைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல இயலாது. இரண்டு ஊர்களிலிருந்து தலா ஒருவரை அழைத்து உயரம் அளந்துவிட்டு, 'இந்த ஊர்க்காரர்கள் உயரமானவர்கள்' என்று அறிவிப்பதைப் போன்றதுதான் இது. அளவுகோல் எவ்வளவு நுணுக்கமானதாக இருந்தாலும் இந்தக் குறை தீராது. மூன்று கேமராக்களையாவது கடையில் வாங்கி, மூன்றின் முடிவுகளையும் தனித்தனியே அச்சிட்டிருந்தால் வாசகர் தாமே முடிவு செய்திருப்பார். அதற்கு ஆகும் செலவு பெரிது என்பதும் உண்மைதான். ஆனால், செலவைக் காரணம் காட்டி மாதிரியைக் குறைத்தவர்கள் தீர்ப்பின் குரலை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை.

ஷட்டர் வேகத்தைப் பார்ப்போம். 1/1000 நொடி என்று குறித்த வேகம் உண்மையில் 1/800 நொடியாக இருந்தது என்று அட்டவணை சொல்லும். கேட்பதற்குப் பெரிய பிழையாகத் தோன்றும். ஒளி இருமடங்காவதையோ பாதியாவதையோ புகைப்படக்காரர்கள் 'ஒரு ஸ்டாப்' என்பார்கள். 1/1000-க்கும் 1/800-க்கும் உள்ள இடைவெளி ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்குதான். வண்ண நெகடிவ் ஃபிலிமில் இரண்டு ஸ்டாப் ஒளி கூடிப்போனாலும் நல்ல அச்சுப்படம் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு என்பது யாருக்கும் தெரியவே போவதில்லை. ஸ்லைடு ஃபிலிமில் கதை வேறு. அங்கே அரை ஸ்டாப் பிசகே கண்ணை உறுத்தும். ஆக, ஒரே எண் ஒருவருக்குக் குப்பை, மற்றொருவருக்கு உயிர்நாடி. அட்டவணையோ இருவருக்கும் ஒரே மதிப்பெண்ணைத்தான் குறைத்துக்கொண்டது.

இதைவிட வேடிக்கையானது வியூஃபைண்டர் விவகாரம். நிக்கான் எஃப்.எம் கேமராவின் வியூஃபைண்டர், ஃபிலிமில் பதியும் காட்சியில் 93 சதவீதத்தைக் காட்டியது, ஒலிம்பஸ் ஓ.எம்-1 சுமார் 97 சதவீதத்தைக் காட்டியது. அட்டவணையில் ஒலிம்பஸ் மேலே, நிக்கான் கீழே. அக்காலத்தின் தேர்ந்த அமெச்சூர்கள் ஸ்லைடு ஃபிலிமில்தான் பெரிதும் படம் எடுத்தார்கள். ஃபிலிமில் பதியும் சட்டகம் 24 × 36 மி.மீ.; ஸ்லைடைச் செருகும் அட்டைச் சட்டத்தின் திறப்போ சுமார் 23 × 34 மி.மீ. பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அட்டைக்குள் மறைந்துவிடும். அதாவது, திரையில் கடைசியாகத் தெரியப்போகும் காட்சிக்கு நெருக்கமானதைத்தான் நிக்கானின் 93 சதவீதம் காட்டியது. குறையென்று எண்ணப்பட்டது ஒருவகையில் வசதி. வீட்டில் இருட்டறை வைத்து நெகடிவ் முழுவதையும் அச்சிடுபவருக்கோ அது உண்மையாகவே குறை.

உருப்பெருக்கமும் அப்படித்தான். பென்டாக்ஸ் எம்.எக்ஸ். கேமராவில் 50 மி.மீ. லென்ஸுடன் பிம்பம் 0.97 மடங்கு, ஒலிம்பஸில் 0.92; நிக்கானில் 0.86. பெரிதாகத் தெரிவது சிறப்பு என்று தோன்றும். மூக்குக்கண்ணாடி அணிந்தவரைக் கேட்டுப் பாருங்கள். கண்ணைக் கேமராவோடு ஒட்ட முடியாத அவருக்கு, பெரிய பிம்பத்தின் மூலைகள் ஒரே பார்வையில் அகப்படுவதில்லை. தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத்தான் பார்க்க வேண்டும். சிறிய பிம்பம் அவருக்கு முழுமையாகத் தெரியும். கூடுதல் எண்ணே சிறந்த எண் என்ற நியதி இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இத்தனையையும் அளந்து முடித்த பிறகு, பத்திரிகை அவற்றைக் கூட்டுகிறது. என்னைக் கேட்டால், சோதனையின் மிகப் பலவீனமான கட்டம் இந்தக் கூட்டல்தான். கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 'அ' என்ற கேமராவுக்கு வியூஃபைண்டர் 9, கையாளும் வசதி 8, ஷட்டர் துல்லியம் 6, ஒளிமானி 6. 'ஆ' என்ற கேமராவுக்கு அதே வரிசையில் 7, 6, 8, 8. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 29. சமநிலை. இப்போது, கையாள்வதே முக்கியம் என்று கருதும் ஆசிரியர் முதல் இரண்டு மதிப்பெண்களை இரட்டிப்பாக்குகிறார். 'அ' 46, 'ஆ' 42. துல்லியமே முக்கியம் என்று கருதும் ஆசிரியர் கடைசி இரண்டை இரட்டிப்பாக்குகிறார். 'அ' 41, 'ஆ' 45. ஆய்வகத்தில் எடுத்த ஓர் அளவுகூட மாறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால், வெற்றியாளர் மாறிவிட்டார்.

வெற்றியாளரைத் தீர்மானித்தது கருவிகள் அல்ல, மேசையில் அமர்ந்திருந்த ஒருவரின் விருப்பம். அந்த விருப்பம் தவறன்று; அதை அளவீட்டின் உடையில் அனுப்பிவைப்பதுதான் தவறு. நிக்கான் எஃப்.எம் 1/125 நொடியில் ஃபிளாஷுடன் இயங்கும், ஓ.எம்-1, ஏ.இ-1 ஆகியவை 1/60 நொடி வரைதான். நடுப்பகல் வெயிலில் முகத்து நிழலைப் போக்க ஃபிளாஷ் அடிப்பவருக்கு இது பெரும் வேறுபாடு. இரவில் மண்டபத்துக்குள் படம் எடுப்பவருக்கு இதனால் ஒன்றுமில்லை. இதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஆசிரியர் எப்படித் தீர்மானிப்பார்? ஜெர்மன் அறக்கட்டளை ஒவ்வோர் அம்சத்துக்கும் எத்தனை சதவீதம் கொடுத்தது என்பதை அட்டவணையிலேயே அச்சிடுகிறது. அது பாராட்டத்தக்க பழக்கம். விரும்பாதவர் தம் சதவீதத்தை வைத்து மறுபடி கூட்டிக்கொள்ளலாம்.

ஒப்பீட்டுச் சோதனையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்டவர்களும் உண்டு. அந்த வழக்குகள் கேமராவைப் பற்றியவை அல்ல என்றாலும் இங்கே பொருந்துபவை. ஜெர்மனியில் பனிச்சறுக்குக் காலணிகளைப் பலகையுடன் பிணைக்கும் சாதனத்தைச் செய்த ஒரு நிறுவனம், அறக்கட்டளையின் சோதனையால் பாதிக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தது. 1975-இல் அந்நாட்டின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றம், சோதனை நடுநிலையோடும் துறையறிவோடும் சரியான முடிவை எட்டும் முயற்சியோடும் நடத்தப்பட்டிருந்தால், எந்த முறையில் சோதிப்பது, எப்படி மதிப்பிடுவது என்பதில் சோதனையாளருக்குப் பரந்த உரிமை உண்டு என்று கூறியது. அமெரிக்காவில் போஸ் நிறுவனத்தின் ஒலிபெருக்கியைப் பற்றி 1970-இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' எழுதிய மதிப்புரை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இசைக்கருவிகளின் ஒலி அறை முழுவதும் அலைவதுபோல் இருந்தது என்று மதிப்புரை சொன்னது. சுவரை ஒட்டித்தான் நகர்ந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. 1984-இல் தீர்ப்பு பத்திரிகைக்குச் சாதகமாக அமைந்தது. தெரிந்தே பொய் எழுதியதாகவோ, உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதியதாகவோ நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம்.

இரண்டு தீர்ப்புகளும் சரியென்றே நினைக்கிறேன். சோதனையாளரின் வாயை அடைத்தால் நட்டம் நுகர்வோருக்குத்தான். அதே வேளையில், சட்டம் காப்பது சோதனையாளரின் உரிமையைத்தான். சோதனை முடிவு சரியானது என்பதற்கு அது சான்றாகாது. முடிவைக் கேள்வி கேட்கும் வேலை வாசகருடையது.

எந்த ஆய்வகத்தாலும் அளக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அது காலம். சில வாரங்கள் கையில் வைத்திருந்து எழுதப்படும் அறிக்கை, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கேமரா எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய கேமரா வாங்குபவருக்கு வேண்டியதோ அந்தத் தகவல்தான்.

ஒளிமானிக்கான மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். ஓ.எம்-1, மினோல்டா எஸ்.ஆர்-டி 101, கேனான் எஃப்.டி.பி. முதலிய கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. தீர்ந்துபோகும் வரை ஒரே அழுத்தத்தைத் தருவது அந்த மின்கலத்தின் சிறப்பு. அதனால் அக்கேமராக்களின் ஒளிமானிகள் அன்று நல்ல மதிப்பெண் பெற்றதில் வியப்பில்லை. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக அவை படிப்படியாக ஒழிக்கப்பட்டன. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே வடிவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் மின்கலத்தைப் போட்டால், முள் உண்மையில் உள்ளதைவிட அதிக ஒளி இருப்பதாகக் காட்டுகிறது, படம் இருண்டுபோகிறது. அந்த மின்கலத்தின் அழுத்தம் நாள்பட இறங்கிக்கொண்டே வருவதால் பிழையும் நிலையாக நிற்பதில்லை. ஆனால், 1964-இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேடிக் கேமராவின் ஒளிமானியில் மின்னழுத்த மாறுதலைப் பெரிதும் பொருட்படுத்தாத சமனச் சுற்று ஒன்று இருந்தது. பாதரச மின்கலம் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அந்தச் சுற்றுக்கு அட்டவணையில் கட்டமே கிடையாது. இன்று அது ஒரு கேமராவை வாங்குவதற்கே போதுமான காரணம்.

ஏ.இ-1 இதன் மறுபக்கம். 1976 ஏப்ரலில் வெளிவந்த அந்தக் கேமரா நுண்செயலி பொருத்தப்பட்ட முதல் எஸ்.எல்.ஆர். எனப் புகழ்பெற்றது, ஐம்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. உதிரிபாகங்களைக் குறைத்து, மேல்மூடியை உலோகம்போல் பூசப்பட்ட பிளாஸ்டிக்கில் வார்த்து, விலையை இறக்கியது கேனான். அதுவரை எஸ்.எல்.ஆர். பக்கமே வராத குடும்பங்கள் அதை வாங்கின. கட்டுமான உறுதி என்ற கட்டத்தில் பித்தளை மூடிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்த அட்டவணைக்கு, அந்தப் பிளாஸ்டிக் மூடியின் சமூகப் பொருள் புரிந்திருக்க நியாயமில்லை. இன்றைக்கு வாங்குபவருக்கோ வேறு கணக்கு. ஏ.இ-1 கேமராவில் 6 வோல்ட் மின்கலம் தீர்ந்தால் ஷட்டரே திறக்காது. எஃப்.எம், கே1000 ஆகியவற்றில் ஒளிமானி மட்டும் நிற்கும். எல்லா ஷட்டர் வேகங்களும் இயங்கும். ஏ.இ-1 கேமராக்கள் வயதானபின், கண்ணாடியை இயக்கும் பல்சக்கரங்களின் மசகு உலர்ந்து, ஒவ்வொரு சொடுக்கின்போதும் இருமுவதுபோல் ஒலி எழுப்புவது பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. 1976-இல் யாரால் அந்த இருமலைக் கேட்டிருக்க முடியும்?

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தப் பழைய பக்கங்களைக் குப்பையென்று தள்ளிவிட மாட்டேன். அவற்றில் மிகச் சிறந்த பகுதி ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைத்தான் புரட்டிவிட்டுப் போனார்கள். அந்த அமெரிக்கப் பத்திரிகைகள் கேமராவைத் திருகுதிருகாகக் கழற்றி, உள்ளே இருப்பதைப் படம்பிடித்து வெளியிட்டதுண்டு. எந்தச் சக்கரம் உலோகம், எது நைலான், கம்பிகள் எப்படிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன, எங்கே மசகு இருக்கிறது, எது கழன்றால் எது நிற்கும் என்று ஒரு பழுதுபார்ப்பவரின் கண்ணோடு எழுதினார்கள். அதில் கூட்டலும் இல்லை, தரவரிசையும் இல்லை. ஆகையால், அது இன்றும் பழசாகவில்லை. எடை, அளவு, ஃபிளாஷ் வேகம், உருப்பெருக்கம் ஆகியனவும் அப்படியே நிற்கின்றன. அவை ஒரு கேமராவுக்கும் மறு கேமராவுக்கும் மாறாத, வடிவமைப்பைச் சார்ந்த எண்கள். காலாவதியானவை துல்லியத்தைப் பற்றிய எண்களும், அவற்றின் மேல் கட்டப்பட்ட தீர்ப்பும்தான்.

பழைய எஸ்.எல்.ஆர். வாங்கப் போகிறவர், தீர்ப்புப் பத்தியை மூடிவைத்துவிட்டு, கையில் எடுத்த அந்த ஒரு கேமராவைத் தாமே சோதிக்கலாம். பின்மூடியைத் திறந்து, விளிம்பில் உள்ள கறுப்பு நுரைப்பட்டை பிசுபிசுத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1970-களின் ஜப்பானியக் கேமராக்களில் அது பெரும்பாலும் உளுத்துப்போயிருக்கும், ஒளி கசியும், ஆனால் மாற்றுவது எளிது. லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, வேகங்களை ஒவ்வொன்றாக மாற்றிச் சொடுக்க வேண்டும். ஒரு நொடிக்கும் கால் நொடிக்கும் காதிலேயே வேறுபாடு கேட்க வேண்டும், 1/1000-இல் சட்டகம் முழுவதும் ஒளிக்கீற்று தெரிய வேண்டும். தொலைவில் உள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ நோக்கி, லென்ஸின் முடிவிலிக் குறியில் பிம்பம் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, முழுத் துளையில், பத்தடி தூரத்தில் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி நாலைந்து படம் எடுத்து, ஃபிலிமைக் கழுவி, உருப்பெருக்கியில் நெகடிவைப் பார்த்தால், கண்ணாடியும் ஃபிலிமும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். ஒரு சுருளின் விலைதான் செலவு.